அப்துல்லாபுரம் வழியாக ஆறு வலது கால்கள்

நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். பயணக் கட்டுரை எழுத உட்கார்ந்ததை அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்க வேண்டாம். ஒரே நாளில் போய் வந்த பயணம்தான். ஆனால் வேலூரிலிருந்து விமானம் ஓடுமா என்று கேட்டால் சொல்வதற்கு எனக்கும் ஏதோ இருக்கிறது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் அறையில் தைக்கிறேன். மாதிரி ஷூவில் ஒரு கால் வெளிநாட்டுக்குப் போகும், அதன் ஜோடி எங்கள் அலமாரியில் நிற்கும். பிறகு மொத்தமாகத் தைக்கும்போது அதை வைத்துத்தான் ஒப்பிடுவோம். இது எங்கள் வழக்கம். இந்த முறை வாங்குபவர்கள் போட்டு நடந்து பார்க்க ஜோடியாகவே கேட்டிருந்தார்கள். பேக்கிங்கில் கைப்பழக்கம், ஆறு மாடலிலும் இடது காலை மட்டும் வைத்துவிட்டார்கள். மேனேஜர் நசீம் சார் அந்தப் பெட்டியோடு வெளிநாட்டு விமானம் பிடிக்க விடியற்காலையே சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்.

காலையில் அலமாரியில் ஆறு வலது கால்களைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்தது. உடனே சாருக்குப் போன் போட்டோம்.

"பதினொன்றரைக்குப் பெட்டி வாங்கறத நிறுத்திடுவாங்க. அதுக்குள்ள வந்தா ஆர்டர் நம்மளது," என்றார் சார்.

காலை 8.00. தைத்தவள் என்பதால் என்னையே காரில் ஏற்றினார்கள். மடியில் பை. ஓட்டுபவர் யூசுப் பாய். சென்னை விமான நிலையம் ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீட்டர்.

முக்கால் மணி நேரத்தில் பள்ளிகொண்டா தாண்டி அப்துல்லாபுரம். வேலூர் விமான நிலையம் இங்கேதான். சுற்றுச்சுவர், புதுக் கட்டடம், ஓடுபாதை எல்லாம் தயார். விமானம்தான் இல்லை.

"இங்கிருந்து பிளேன் இருந்தா இந்நேரம் பறந்திருப்போம் பாய்," என்றேன்.

"இன்னாக்கா பேசற? மெட்ராஸ்க்கு பிளேனா? பெல்ட் போட்டு முடிக்கறதுக்குள்ள எறங்குன்னுவான். அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து குந்தணும். என் வண்டி நீ கூப்ட்டா நிக்கும். அவன் நிப்பானா?"

"அப்போ பெங்களூருக்கு?"

"ஆம்பூர்க்காரன் பெங்களூர் போக எதிர்ப்பக்கமா வேலூருக்கு ஏன் வர்றான்? பேஜார் புடிச்ச கணக்கு!"

பையை இறுக்கிக்கொண்டேன். ஸ்ரீபெரும்புதூரில் லாரிகள் நின்றுவிட்டன. பாய் மணியைப் பார்த்துக்கொண்டே சந்து கிடைத்த இடத்தில் வண்டியை நுழைத்தார்.

காலை 11.15. சார் வாசலிலேயே நின்றிருந்தார். நடைபாதையில் பெட்டியைத் திறந்து, நான் ஒவ்வொரு காலுக்கும் ஜோடியைச் சேர்த்தேன். தள்ளுவண்டி தள்ளும் ஒருவர் நின்று பார்த்தார்.

"யாருக்கும்மா இது? ஆறு பேருக்கும் ஒத்தக் காலா?"

"இப்போ ரெண்டு காலும் வந்துடுச்சுங்க," என்றேன். முன்பின் தெரியாத ஆளிடம் நானே பேசியது எனக்கே ஆச்சரியம். சார் பெட்டியோடு ஓடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைக் காட்டினார். நான் பார்க்காத ஊருக்கு என் தையல் போகிறது. அந்தப் பெரிய கட்டடத்தின் முன் நிமிர்ந்து நின்றேன்.

பிற்பகல் 3.00. திரும்பும் வழியில் அப்துல்லாபுரத்தில் டீ, பதினைந்து ரூபாய். கடைப் பலகையில் 'ஏர்போர்ட் டீ ஸ்டால்' என்று எழுதியிருந்தது.

"ஏர்போர்ட்டே தொறக்கல, பேர் வச்சிட்டியே தலைவா!" என்றார் பாய்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "வேலூர் ஆஸ்பத்திரிக்கு கல்கத்தாலேர்ந்து ஒன்றரை நாள் ரயில்ல வர்றாங்க. படுக்கவும் முடியாம, உக்காரவும் முடியாம. அவங்க பிளேன்ல வருவாங்க சார்."

"சின்ன பிளேன். நடுவுல எறங்கி மாறணும்," என்றார் பாய்.

"மாறட்டுமே. ரயிலவிட கஷ்டம் கம்மிதானே?"

பாய் டம்ளரை உருட்டினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. விமானத்துக்கும் ஜோடி வேண்டும். போகும்போது நிரம்பி, வரும்போது காலியாக வந்தால் எத்தனை நாள் ஓடும்? எங்களை மட்டும் நம்பி சென்னைக்கோ பெங்களூருக்கோ விட்டால் ஒற்றைக் கால்தான். தூரத்து ஊர்களோடு சேர்த்தால் நோயாளிகள் வருவார்கள், தோல், ஷூ வியாபாரிகள் போவார்கள். அப்போது நடக்கும்.

"அந்த மாதிரி வந்தா நான் ஏறுவேன் பாய்," என்றேன்.

"ஏறுக்கா. வீட்லேர்ந்து இங்க வர்றதுக்கு என் வண்டிதானே?" என்றார்.

சென்னையில் பார்த்த கட்டடத்தின் ஒரு மூலைக்கு இந்த வேலூர் விமான நிலையம் காணாது. ஆனாலும் கிளம்பும்போது அந்தச் சுவரை எங்கள் வீட்டுச் சுவர் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் மாலை சாரிடமிருந்து செய்தி வந்தது, ஆர்டர் எங்களுக்குத்தான். ஐந்து மாடல் சரி, ஒன்றில் குதிகால் தளர்வு. வலது கால்களும் போய்விட்டன. மொத்தமாகத் தைக்கும்போது ஒப்பிட அலமாரியில் ஒரு காலும் இல்லாததால், ஆறையும் மறுபடி தைக்க உட்கார்ந்தேன்.