பேனா எழுத்தில் ஒரு கலியாணக் கடிதம்

என் மகளின் கலியாணக் கடிதத்தை எந்த எழுத்தில் அச்சிடுவது என்பதுகூட ஒரு பிரச்சினையாகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

கண்டியில் நாங்கள் போன அச்சகத்தில் 'பேனா எழுத்து' என்று ஒன்று வைத்திருந்தார்கள். பட்டை நிப்பால் எழுதியதுபோல, இறங்கும் கோடு தடித்தும் ஏறும் கோடு மெலிந்தும் இருக்கும். கொம்பும் சுழியும் அளவோடு வளைவதால் நீண்ட வாசகமும் கண்ணை உறுத்தாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கோணல் எழுத்தைத் திருத்தியே சலித்துப்போன எனக்கு அது உடனே பிடித்துவிட்டது.

அச்சான கடிதங்களோடு பன்விலையிலுள்ள மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் தாய் ஒன்றை வாங்கிப் பார்த்தார். உள்ளே போய்ச் செபப் புத்தகத்தை எடுத்துவந்தார். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து இறந்துபோன அவர் கணவரின் நினைவு அட்டை அதற்குள் இருந்தது. அதைக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். அதே அச்சகம், அதே பேனா எழுத்து. 'காலஞ்சென்ற' என்று தொடங்கி அவர் பெயர் வரும் வரி இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது.

"சம்பந்தியம்மா, அவரு இன்னொரு தடவ செத்துப்போன மாதிரி இருக்கு. இத நான் யார் வீட்டுக்கும் கொண்டுபோக மாட்டேன். கலியாணத்தத் தள்ளி வச்சிருவோம்."

தவக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் முடியாவிட்டால் உயிர்ப்புத் திருநாளான பாஸ்குவரை கோயிலில் கலியாணம் இல்லை. ஊர் என் மகளைப் பற்றி என்னென்ன பேசும் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பி, நேராக அச்சகத்துக்குப் போனேன்.

அச்சகக்காரருக்கோ ஒரு கவலையும் இல்லை.

"டீச்சர், கலியாண வீட்டுக்கும் இதான், மௌத்தான வீட்டுக்கும் இதான். எழுத்துக்கு என்ன தெரியும், எந்த வீடு எண்டு?"

"அவங்களுக்குத் தெரியுதே."

"அப்ப ஏல நோட்டீஸ் எழுத்துதான் இருக்கு. சாமான் வாங்க ஆக்கள் வந்தா என்னக் கேக்கப்படாது."

வாதாடிக் களைத்து, கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் வரும் அந்த ஒரு வரியை மட்டும் சாதாரணக் கட்டை எழுத்தில் கோர்க்கச் சொன்னேன். நல்ல கையெழுத்தின் நடுவே யாரோ கோர்ட்டுக் கடதாசியை ஒட்டியதுபோல வந்தது. "இதுவா என் கலியாணக் கடிதம், அம்மா?" என்று கேட்டுவிட்டு மகள் அறைக்குள் போய்விட்டாள். எனக்கும் அழவேண்டும்போல இருந்தது, அதற்கு நேரமில்லை.

மறுபடியும் பன்விலை. மாப்பிள்ளையின் தாய் அந்த வரியை விரலால் தொட்டு வாசித்தார். இம்முறை செபப் புத்தகத்தை எடுக்கவில்லை.

"தோட்டத்து ஆபீஸ் கடுதாசியில அவரு பேரு இப்பிடித்தான் வரும்," என்றார். பிறகு கடிதக் கட்டைத் தூக்கிப் பார்த்தார். "இது பத்தாதே. பக்கத்துத் தோட்டங்களுக்கும் குடுக்கணும். இன்னும் கொஞ்சம் அடிச்சுக் கொண்டாங்க."

அச்சகக்காரர் அதற்குள் கோர்த்த எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் போட்டிருப்பார்; எல்லாவற்றையும் முதலிலிருந்து கோர்க்க வேண்டும். சரி என்றேன்.