பல்பொடி போட்டுத் தேய்த்த ராஜா

எங்கள் மாமாவிடம் ஒரு ராஜா இருந்தார். எங்கள் பேட்டையான மர்பி டவுனில் வேறு யார் வீட்டிலும் ராஜா இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நாலணா அளவில் ஒரு வெள்ளிக்காசு. அடுப்புக்கரி போலக் கறுத்திருக்கும். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அதில் அவரைப் படுக்கவைத்து, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தார் மாமா.

மாமா என் அம்மாவின் தம்பி. தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தீப்பெட்டியைத் திறந்து, காசை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார். கறுப்புக்குள்ளிருந்து மெதுவாக ஒரு மூக்கு வரும். பிறகு தாடை, பின்தலையில் முடிந்த நாடா. நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். விட்டால் அவர் உள்ளே போய்விடுவார் என்று பயம்.

“கிரேக்க ராஜா பாப்பா. வடக்கால வந்து ஆண்டவரு. ரெண்டாயிரம் வருஷம் ஆவுது.”

“எந்தப் பாடத்துல வராரு?”

“எதுலயும் வரல. கோட்டை இல்ல, கல்லறை இல்ல, கதை இல்ல. இந்த மாதிரி காசுங்க மட்டும் கிடைக்கலைன்னா, இப்படி ஒருத்தர் இருந்தாருன்னே யாருக்கும் தெரியாது.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். ஒரு முழு மனிதர் இத்தனை சின்ன இடத்தில் தங்கியிருக்கிறாரே! காசின் ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் அவர் வந்து ஆண்ட சீமையின் எழுத்து. “வூட்ல ஒரு பாஷை, தெருவுல ஒரு பாஷை. தமிழும் கன்னடமும் பேசற நம்மள மாதிரிதான்” என்பார் மாமா. அதிலிருந்து ராஜா எங்களுக்கு உறவுக்காரர் ஆகிவிட்டார்.

அந்த வருஷம் மாமாவுக்குக் கல்யாணம் ஆனது. அத்தை தங்கவயல்காரர், அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அத்தை வந்து சில வாரங்களில், காக்ஸ் டவுனிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ராஜாவைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். பழங்காசுகளில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அவருக்குப் பிடித்துவிட்டால் ராஜா நாணயக் கண்காட்சிக்குப் போவார். கண்ணாடிப் பெட்டிக்குள், மாமாவின் பெயர் எழுதிய அட்டையோடு. மாமா தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டார்.

அன்று காலை மாமா பிஸ்கட் வாங்கப் போனார். அத்தை தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார்.

“ஐயய்ய! பெரிய மனுஷர் பாக்க வராரு, இப்படியா அழுக்கா வெக்கிறது? கொலுசே இப்படி இருந்தா எங்கம்மா உதைக்கும்.”

பழைய பிரஷ், வெள்ளைப் பல்பொடி. கறுப்புத் தண்ணீர் வழிய வழிய ராஜா வெளியே வந்தார். கண்ணிமை வந்தது. சுருள் முடி வந்தது. உதட்டோரத்தில், யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த சிரிப்பு ஒன்று வந்தது. இருளில் கிடந்தவர் எழுந்து என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அவ்வளவு அழகான எதையும் அதுவரை நான் பார்த்ததில்லை.

மாமா பிஸ்கட்டோடு வாசலில் நின்றார்.

“எப்படி இருக்காரு உங்க ராஜா?” என்றார் அத்தை. அவர் முகம் காசைவிடப் பளபளத்தது.

மாமா காசைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். “குளிச்சிட்டாரு” என்றார்.

வாத்தியார் வந்தபோது அத்தை சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் லென்ஸைக் கண்ணில் வைத்து, காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப மெதுவாகக் கேட்டார்: “இதை யாருப்பா தேச்சது?”

இத்தனை கெட்டிக்காரர் யார் என்று கேட்கிறார் என நினைத்தேன். அத்தை பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா, “நான்தான் சார்” என்றார்.

வாத்தியார் லென்ஸை மடித்து வைத்தார். காப்பியைக் குடித்துவிட்டு, மாமாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

“என்ன, ஒண்ணுமே சொல்லாம போறாரு?” என்று கேட்டார் அத்தை.

“அசந்துட்டாரு” என்றார் மாமா.

ராஜா கண்காட்சிக்குப் போகவில்லை. அங்கே இடமில்லையாம் என்று அத்தையிடம் சொன்னார் மாமா. அதற்குப் பிறகு பொங்கல்தோறும் அத்தை பல்பொடி எடுப்பார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றுவார். ராஜாவின் மூக்கு இன்று வழுவழுவென்றிருக்கிறது. பழங்காசின் கறுப்பைச் சுரண்டினால் சேகரிப்பவர்கள் அதைத் தொடக்கூட மாட்டார்கள் என்பது, நான் வளர்ந்து ஒரு கண்காட்சிக்குப் போனபோதுதான் தெரிந்தது.

ஆனால் வாத்தியார் வந்துபோன அன்று சாயங்காலம் மாமாவைத் தெருமுனையில் பிடித்துக்கொண்டேன்.

“தேச்சது அத்தை. நீ ஏன் நான்தான்னு சொன்ன? பொய்யி!”

“பொய்தான் பாப்பா. அத்தைகிட்ட சொல்லிடாதே.”

சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். அத்தைக்கு வரவேண்டிய பெயரைத் திருடிக்கொண்டவர் கையால் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று ஓடிவந்துவிட்டேன்.