சுற்றி வராத பாதை

சின்னசாமி இருபத்தெட்டு ஆண்டுகளாக ஆட்டோ ஓட்டுகிறார். செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டி நிற்கும் வண்டிகளில் அவருடையதும் ஒன்று. பெரிய தர்மவான் என்று அவரைச் சொல்ல முடியாது. மீட்டர் போட மாட்டார், பேரத்தில் இறங்கி வர மாட்டார். ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. கிரிவலத்தில் பாதி நடந்து கால் ஓய்ந்து ஏறுகிறவர்களை வந்த வழியே திருப்பிக் கொண்டுபோய் விட மாட்டார். மலையைச் சுற்றி முன்னால்தான் ஓட்டுவார்.

"பாதி வந்துட்டீங்க. திரும்பினாலும் அதே தூரம், முன்னால போனாலும் அதே தூரம். அப்புறம் எதுக்குத் திரும்பறது?" என்பார்.

"அந்தப் பக்கம் போனாத்தானே உன் மச்சான் டீக்கடை வரும், அதைச் சொல்லுய்யா" என்று பக்கத்து வண்டி கோபி கிண்டல் செய்வார்.

மகன் அருண்பிரசாத் ஏழு வயதில் அடி அண்ணாமலை அருகே உட்கார்ந்து அழுதபோதும் இதையேதான் சொன்னார். பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து மிச்சத்தையும் நடந்தான்.

அந்த மகன் ஆஸ்திரேலியாவுக்குச் சுரங்க வேலைக்குப் போனான். இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் அக்டோபரில், மனைவி சிந்துஜாவோடு, ஊரே இல்லாத உட்பகுதியில் இருக்கும் ஒரு தேசியப் பூங்காவைப் பார்க்கப் போய், அங்கேயே இறந்தான். ஆற்றுப் பள்ளத்தாக்கில் வழி தப்பி, வெயிலில் தண்ணீர் இல்லாமல் போய்விட்டான் என்றாள் சிந்துஜா. உடல் வந்தது. காரியமும் முடிந்தது. சின்னசாமிக்கு மட்டும் ஒன்று முடியவில்லை. ஒருமுறை போன தெருவை மறக்காத பையன் எப்படி வழி தப்புவான்?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஜூலையில் போனார். விசாவும் டிக்கெட்டும் சிந்துஜா பார்த்துக்கொண்டாள். மனைவி வெள்ளையம்மாள் ஒரு கற்பூரப் பாக்கெட்டை அவர் பையில் வைத்து, "அவன் போன இடத்துல ஏத்திட்டு வாங்க" என்றாள்.

கடைசி ஊரிலிருந்து நான்கு மணி நேரம் செம்மண் சாலையில் சிந்துஜா கார் ஓட்டினாள். எதிரே இரண்டே வண்டிகள் வந்தன.

"இங்க ஸ்டாண்டு போட்டா முதல் சவாரி வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்" என்றார் அவர். அவள் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நெருப்பு மூட்டக் கூடாது என்று நுழைவிடத்துப் பலகையில் இருந்ததை அவள் படித்துச் சொன்னாள். கற்பூரம் பையிலேயே இருந்தது.

செங்குத்தான சிவப்புப் பாறைகளுக்கு நடுவே ஆறு, ஓடாமல், குட்டை குட்டையாக நின்றது. கரையில் சுண்ணாம்பு அடித்தது போன்ற வெள்ளை மரங்கள். அங்கே அது குளிர்காலம் என்பதால் வெயில் உறைக்கவில்லை, ஈக்கள்தான் விடவில்லை. மூன்று மணி நேரம் நடந்த பிறகு ஒரு குட்டையின் ஓரத்தில் பாதை முடிந்தது. அங்கே ஒரு பலகை. சின்னசாமிக்கு ஆங்கிலம் கம்மி, ஆனால் படம் புரிந்தது. கார் நிற்கும் இடத்திலிருந்து ஒரே ஒரு கோடு, அதன் நுனியில் ஒரு புள்ளி.

"இது சுத்தி வராதாம்மா?"

"வராது மாமா. வந்த வழியேதான் திரும்பணும்."

"அவன் இதைப் பார்த்தானா?"

"பார்த்தார்."

"அப்போ வழி தப்பலையே."

அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"சொல்லும்மா. இத்தினி தூரம் வந்துட்டேன்."

"அன்னைக்கு வெயில் ஜாஸ்தி மாமா. ஆளுக்குக் கால் பாட்டில் தண்ணிதான் இருந்துச்சு. நான் திரும்பலாம்னேன். பாறை மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கினா காருக்கு வந்துடலாம்னார். போர்டுல அப்படி இல்லையேன்னேன். 'திரும்பினாலும் அதே தூரம், முன்னால போனாலும் அதே தூரம், எங்கப்பா சொல்லுவார்'னார். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னார். நீ வேணா வந்த வழியே போ, உனக்கு முன்னாடி நான் கார்ல உக்காந்திருப்பேன்னார்."

சின்னசாமி பாறை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். மலையைச் சுற்றுகிறவனுக்கு அந்தச் சொல் பொய்யில்லை. எத்தனையோ பேரை அது வீடு சேர்த்திருக்கிறது. ஒரு சொல் தான் பிறந்த இடத்தைவிட்டு வெளியே போனால் என்னவாகும் என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்கும்படி எதுவும் நடந்ததுமில்லை.

"ஏம்மா இத்தினி நாளா சொல்லல?"

"எப்படி மாமா சொல்றது?"

கற்பூரப் பாக்கெட்டை வெளியே எடுத்தார். மேலே பாறை விளிம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

"அத்தை கேட்டா..." என்று அவள் தொடங்கினாள்.

"வழி தப்பிட்டான். நீ சொன்னதே இருக்கட்டும்."

பிறகு எழுந்து, தன் பாட்டிலை அவள் பக்கம் நீட்டினார்.

"தண்ணி குடிச்சிக்கோ. வாம்மா, திரும்பிடலாம்."

வந்த வழியே அவர் முன்னால் நடந்தார்.