கிழக்குச் சுவர்

செம்மேட்டு பங்களாவின் கிழக்குச் சுவரில் உளி இறங்கியதும் ஈரமேறிய பழஞ்சுண்ணாம்பின் வாடை எழுந்தது. “மூல வரைபடத்துல பெரிய ஜன்னலெல்லாம் இந்தப் பக்கம்தான்” என்றார் சீரமைக்க வந்த இன்ஜினியர்.

அந்த வாடையில் எனக்கு மறுபடி எட்டு வயதானது. அப்போது அப்பா இங்கே காவலாளி. ஐப்பசி மழையில் இந்தச் சுவர் ஊறி இப்படித்தான் மணக்கும். ஜன்னல் இல்லாததால் ஒரு துளி உள்ளே வராது.

அப்படியொரு மழைநாளில்தான் புத்தகம் எழுதுகிற ஒருவர் வந்தார். நூறு வருடங்களுக்கு முன் பட்டணத்தில் கோர்ட்டும் ரயில் நிலையமும் வரைந்த கட்டடக் கலைஞரைப் பற்றிய புத்தகம். மலைக்கென்று அவர் வரைந்தது இது ஒன்றுதானாம். வரைபடத்தை விரித்ததும் வந்தவர் முகம் சுளித்தார்.

“கடல்காத்துக்காக அவர் கிழக்கே ஜன்னல் வச்சிருக்கார். உங்க ஆளுங்க தப்பா மேற்கே திருப்பிக் கட்டிட்டாங்க.”

அப்பா பீடியை அணைத்தார். “தப்பில்லீங்க. அந்த ஐயா மலையேறி வரவேயில்லீங்க. சாரல் எந்தப் பக்கம் அடிக்கும்னு இதைக் கட்டுன எங்க பாட்டன்மாருக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுதான் திருப்புனாங்க.”

“நான் தப்புன்னுதான் எழுதுவேன்.”

“எழுதுங்க. இங்கயே உக்காந்து எழுதுங்க, காகிதம் நனையாது.”

இன்று பங்களாவின் காவல் என்னுடையது. கொத்தனார் கையிலிருந்த உளியை வாங்கிக்கொண்டேன்.

“வரைபடத்துல இருக்குதேம்மா” என்றார் இன்ஜினியர்.

மேசையில் கிடந்த வரைபடத்தை அவர் முன்னாலேயே தலைகீழாகத் திருப்பி வைத்தேன்.

“இப்பப் பாருங்க. சரியா இருக்குமுங்க.”