கரியாலூர் ஏற்றத்தில் கடைசி வண்டி

என் முதுகுக்குப் பின்னால் முதல் கியரில் முனகிக்கொண்டே வந்த அந்த வேனின் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. சைக்கிள் பந்தயத்தில் அதற்குக் கடைசி வண்டி என்று பெயர். முடியாமல் இறங்கிவிடுகிறவர்களை ஏற்றிக்கொண்டு வருவதுதான் அதன் வேலை. ஓட்டியவர் உளுந்தூர்பேட்டை லாரி டிரைவர். அந்த ஒரு நாளுக்கு மட்டும் அமர்த்தப்பட்டவர்.

பெண்களுக்கான பல நாள் பந்தயத்தில் அது மூன்றாம் நாள். கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையேறிக் கரியாலூரில் முடிக்க வேண்டும். சைக்கிள் ஓட்டுவதற்கென்று நான் சம்பளம் வாங்கத் தொடங்கியிருந்த முதல் வருடம். சமவெளி முழுக்க எங்கள் அணித் தலைவிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதும், எதிர்க்காற்றை மறைத்து அவருக்கு முன்னால் ஓட்டுவதும் என் பொறுப்பு. அதை முடித்தபோது அடிவாரத்திலேயே கால்கள் ஓய்ந்துவிட்டன. எல்லோரும் மேலே போய்விட்டார்கள். குறித்த நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் மறுநாள் பந்தயம் இல்லை. அடுத்த வருட ஒப்பந்தமும் சந்தேகம்தான்.

வேனை என் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, டிரைவருக்கு அருகில் இருந்த அமைப்பாளர் ஒருவர், "ஏறிக்கோம்மா" என்றார். டிரைவர் சொன்னது எனக்கும் கேட்டது: "பொண்ணு காலு இன்னும் சுத்திகினுதான இருக்குது சார். நின்னா கேக்கலாம்."

ஒரு கொண்டை ஊசி வளைவில் தொடை பிடித்துக்கொண்டது. வேனின் ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பத்தடி பிடித்துக்கொண்டு போனால் போதும். கையை நீட்டினேன். டிரைவர் சட்டென்று பிரேக் போட்டு வேனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். என் கை காற்றைத்தான் பிடித்தது. அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. அவரை வாய்விட்டே திட்டினேன். அந்த ஆத்திரத்தில் நாலு மிதி மிதித்தேன். பிறகு இன்னும் நாலு.

முடிவுக்கோட்டைத் தாண்டியபோது பதினோரு வினாடி மீதமிருந்தது. சாலையோரம் விழுந்து கிடந்த என்னைத் தூக்கி உட்காரவைத்தவர் அவர்தான்.

"ஏண்ணா வண்டிய இழுத்துட்டீங்க?" என்றேன். கோபம் தீரவில்லை.

"பின்னால நடுவரு பைக்ல வந்துகினு இருந்தாரும்மா. கண்ணாடியில பாத்துட்டேன். நீ புடிச்சிருந்தா அங்கியே உன்ன வூட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

அதற்குப் பிறகு ஆறு வருடம் பந்தயங்களில் ஓட்டினேன். இன்று பயிற்சியாளராக அணியின் காரில் பின்தொடர்ந்து இளம் பெண்களை மலையேற்றுகிறேன். எனக்குக் கைகொடுத்தவர்கள் பலர். ஆனாலும் நன்றி என்று நினைத்தாலே முதலில் வருபவர், என் கைக்கு எட்டாமல் விலகிக்கொண்ட அந்த மனிதர்தான். பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அன்று கிளம்புமுன் அவர் வேனின் பின்கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒருவரும் இல்லை. ஒரு சைக்கிளும் இல்லை.

"முப்பது வருசமா லாரி ஓட்டுறேன்," என்றார். "வண்டி காலியா வந்ததுக்கு சந்தோசப்பட்டது இன்னிக்குத்தாம்மா."