ஆணி அடிக்க வந்த அப்பாக்கள்

போன வாரம் ஒரு போன். நான் படித்த கல்லூரியின் பிரின்சிபால். கும்மிடிப்பூண்டிப் பக்கம், ஹைவேயை ஒட்டி இருக்கும் கல்லூரி. பெயர் வேண்டாம், அவர்களும் பிழைக்க வேண்டும்.

"மேடம், ஆண்டு மலர் போடறோம். நம்ம காலேஜோட முதல் லேடீஸ் ஹாஸ்டல் வரலாற்றை நீங்கதான் எழுதணும். நீங்க முதல் பேட்ச் ஆச்சே!"

"எவ்வளவு எழுதணும்?"

"ரெண்டு பக்கம் போதும். கொஞ்சம் பாசிட்டிவா இருந்தா நல்லா இருக்கும்…"

எனக்கும் பாசிட்டிவுக்கும் உள்ள உறவு இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன். அந்த ஹாஸ்டல் இல்லையென்றால் நான் இப்படி வாராவாரம் உங்களிடம் வாயாடிக்கொண்டிருக்க முடியாது. மாமன் மகனைக் கட்டிக்கொண்டு எளாவூரில் குடும்பம் நடத்திக்கொண்டிருப்பேன். அதில் தப்பொன்றும் இல்லை… என்னைக் கேட்டுவிட்டுக் கட்டிவைத்திருந்தால்!

எங்களுக்கு முன்னால் அந்தக் கல்லூரியில் பையன்களுக்கு மட்டும்தான் ஹாஸ்டல். பெண்கள் வீட்டிலிருந்து வந்து போகலாம். எப்படி வந்து போவது? பிராக்டிகல் முடியும்போது இருட்டிவிடும். செக்போஸ்ட்டுக்காக லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டில், எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸுக்காக நிற்கும் பெண்ணை எந்த வீடு தொடர்ந்து படிக்க வைக்கும்? முதல் வருடம் சேர்ந்தவர்களில் பலர் இரண்டாம் வருடம் வகுப்பில் இருக்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை மட்டும் வரும்.

விலங்கியல் எடுத்த ஸ்டெல்லா மிஸ்தான் நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் ஒரு சிமெண்ட் குடோனைக் கொடுத்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. துணியை உதறினால் சிமெண்ட் தூசி. கட்டில் கிடையாது, அலமாரி கிடையாது. ஒரு மூலையில் பழைய புடவையைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டு மிஸ்ஸும் எங்களோடேயே தங்கினார்.

அலமாரி இல்லாததால் வந்ததுதான் அந்த வழக்கம். பையைத் தொங்கவிட ஆளுக்கொரு ஆணி கொண்டு வர வேண்டும். சேரும் நாளன்று அப்பா தன் கையால் அதைச் சுவரில் அடிக்க வேண்டும். அதோடு சரி. அதற்குப் பிறகு எந்த ஆண்பிள்ளையும் வாசல்படி தாண்டக் கூடாது, பெற்ற அப்பாவே ஆனாலும்.

"ஏன் மிஸ், நாங்களே அடிச்சிக்க மாட்டோமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நீ அடிச்சா அது வெறும் ஆணி. அவரே அடிச்சதுன்னா அவ்வளவு சீக்கிரம் வந்து புடுங்க மாட்டார்."

என் அப்பாவுக்கு ரோலிங் மில்லில் கூலி வேலை. அதற்கு முன்னால் மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை. பேக்கிங் பெட்டியிலிருந்து பிடுங்கிய பெரிய ஆணி ஒன்றைக் கொண்டு வந்து அடித்தார். அதில் என்னையே தொங்கவிட்டிருக்கலாம். நிலம் நீச்சு உள்ள வீட்டு அப்பாக்கள் கடையில் வாங்கிய பித்தளைக் கொக்கியோடு வந்தார்கள். அடிக்கும் முன் மெதுவாகக் கேட்பார்கள்: "பக்கத்து ஆணி யாருதும்மா?" பதிலைக் கேட்டுவிட்டு எதிர்ச் சுவருக்குப் போனவர்களும் உண்டு. என் ஆணிக்கு இரண்டு பக்கமும் சுவர் காலியாகவே இருந்தது. உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஆனால் பாருங்கள்… அப்பாக்கள் எல்லாம் பஸ் ஏறியதும், எதிர்ச் சுவர்க்காரி ஒருத்தி வந்து தன் பையை என் ஆணியில் மாட்டினாள். "உன்னுதுதான்டி ஸ்ட்ராங்கா கீது" என்றாள். புரட்சியெல்லாம் ஒன்றும் இல்லை. அவள் பை கனம்.

பிறகு கூரை மாறியது. கட்டில் வந்தது, அலமாரிகூட வந்தது. சுவரும் வழக்கமும் அப்படியே இருந்தன. படித்து முடித்துப் போகிறவளின் ஆணியை யாரும் பிடுங்குவதில்லை. வருகிறவளின் அப்பா அதன் பக்கத்தில் புதிதாக ஒன்று அடிப்பார். எங்கள் ஹாஸ்டலுக்கு வரலாறு என்று ஒன்று உண்டென்றால் அது அந்தச் சுவர்தான். எழுதுவதற்கு முன் அதை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மின்சார ரயில் ஏறினேன்.

பிரின்சிபால் வரவேற்று உட்காரவைத்தார். ஹாஸ்டலைப் பார்க்க வேண்டும் என்றதும் முகம் மாறியது.

"அது இப்ப… கேர்ள்ஸ் கம்மியாயிட்டாங்க மேடம். இருக்கறவங்களும் காலேஜ் பஸ்லயே வந்துடறாங்க. அதான் போன வருஷம் மூடிட்டோம். தேர்வாய் கண்டிகை சிப்காட் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பற கான்ட்ராக்டர் ஒருத்தருக்கு வாடகைக்கு விட்டிருக்கோம். லேடி ஒர்க்கர்ஸ் தங்கறாங்க. ஒரு வகைல அதுவும் லேடீஸ் ஹாஸ்டல்தானே?"

"அப்புறம் எதுக்கு வரலாறு?"

"மலர்ல அந்தப் பக்கம் இல்லாட்டி நல்லா இருக்காதுல்ல… அடுத்த வருஷம் கெமிஸ்ட்ரி கோர்ஸையே எடுத்துடுவாங்க போலிருக்கு. ஏதோ இருக்கறதப் பதிவு பண்ணிடலாமேன்னுதான்."

பெண்கள் குறைந்ததால் ஹாஸ்டலை மூடினார்களா, ஹாஸ்டலை மூடியதால் பெண்கள் குறைந்தார்களா? கேட்டேன். காபி வந்தது.

ஹாஸ்டல் வாசலில் ஒருவர் செக்யூரிட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, காலில் காய்ந்த சேறு. ஒரு கையில் சுத்தியல். இன்னொரு கையில்… ஆணி.

"ரெண்டே நிமிசம் சார். அடிச்சிட்டு வந்துடறேன்."

"ஜென்ட்ஸ் அலோடு இல்லப்பா. எத்தினி வாட்டி சொல்றது? சும்மா பேஜாரு பண்ணாத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் இங்கே படித்தவள்தான் என்று போய் விசாரித்தேன். பெயர் ஏழுமலை. ஆரம்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமம். சொந்த நிலத்தில் நெல் போடுகிறார். மகள் சந்தியா இங்கே கெமிஸ்ட்ரி கடைசி வருடம் படிக்கிறாள்.

"மொத வர்சம் சேத்தப்போ நான்தாம்மா ஆணி அடிச்சேன். நடுவுல ஹாஸ்டல மூடிட்டாங்கோ. எங்க ஊருக்குக் காலேஜ் பஸ்ஸு வராது. பொண்ணு ஊட்லயே குந்திக்கினு அழுதுச்சு. அப்பால, தொறந்துட்டாங்க நைனான்னு சொல்லிட்டு அதுவே வந்து சேந்துக்கிச்சு. இப்போ பெயிண்ட் அடிச்சி பழைய ஆணியெல்லாம் புடுங்கிட்டாங்களாம். அதான் வேற எட்தாந்தேன். வெள்ளக் கோட்டு மாட்டிக்கினு தெனம் லேப்புக்குப் போவுதும்மா."

செக்யூரிட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க லேடீஸு… உள்ள போவீங்கல்ல? இத்த ஒரு எடத்துல அடிச்சிட்டு வந்துடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

ஆணியையும் சுத்தியலையும் வாங்கிக்கொண்டேன்.

உள்ளே எனக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கள் ஹாலைப் பலகைத் தடுப்பு வைத்துச் சின்னச் சின்ன அறைகளாக அறுத்திருந்தார்கள். பழைய சுவரின் மேலும் ஷீட் போட்டு மூடியாயிற்று. அடுக்குக் கட்டில்கள். ஒரு ஷிஃப்ட் எழுந்து போனால் அதே கட்டிலில் இன்னொரு ஷிஃப்ட் வந்து படுக்குமாம். கொடி முழுக்க வெள்ளைக் கோட்டுகள். வாசலுக்கு மேல் ஒரு போர்டு: 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மீறினால் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும்.'

சந்தியா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த ஆணியைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"நைனா வந்துக்குதா?"

உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"நான் காலேஜுக்குப் போவல மேடம். கம்பெனில கீறேன். ஹாஸ்டல மூடின ஒடனே ஊட்ல மாப்ள பாத்துட்டாங்க. இங்க தங்க எடம் குடுக்கறாங்கன்னு ஃப்ரெண்டு சொன்னா. வேலையும் செஞ்சிக்கினு கிளாஸுக்கும் போலாம்னுதான் வந்தேன். நைட் ஷிஃப்ட் அன்னிக்கிப் போவேன், பெஞ்சுலயே தூங்கிடுவேன். பகல் ஷிஃப்ட் வந்தா போவவே முடியாது. அட்டெண்டன்ஸ் இல்லன்னு பேர எடுத்துட்டாங்க."

ஜன்னலைக் காட்டினாள். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் கல்லூரிக் கட்டடம். "அதான் எங்க கிளாஸு. இங்கேருந்து பாத்தா மிஸ் போர்டுல எழுதறதுகூடத் தெரியும்."

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. படிப்பதற்காக ஒரு இடம் கொடுங்கள் என்று ஸ்டெல்லா மிஸ் சண்டை போட்டார். இடம் இருக்கிறது. கூரை, ஃபேன், தண்ணீர், காவல் எல்லாம் எங்கள் காலத்தைவிட நன்றாகவே இருக்கிறது. எதற்காகக் கேட்டோமோ அது மட்டும் இல்லை.

"நைனாகிட்ட சொல்லிடாதீங்க மேடம். தெரிஞ்சா இட்டுக்கினு பூடும்."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது? போர்டாவது மண்ணாவது என்று, கட்டிலுக்குப் பின்னால் வெளியே தெரியாத இடமாகப் பார்த்து ஆணியை வைத்து ஓங்கி அடித்தேன். தடுப்புப் பலகைக்கு அதைத் தாங்கும் தெம்பு இல்லை. ஒரே அடியில் துளைத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் விழுந்தது. "எவடி அவ, தூங்க வுடாம?" என்று அங்கிருந்து ஒரு குரல்.

சந்தியா போய் ஆணியைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஓட்டையின் மேல் ஒரு சாமி காலண்டரை ஒட்டினாள். "உடுங்க மேடம். பைலயே வெச்சிக்கிறேன்."

வெளியே கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. கோட்டை மாட்டி, டேகைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே நானும் வந்தேன்.

வாசலில் அப்பா. அவள் நிற்கவில்லை. "லேப்புக்கு டைம் ஆய்டுச்சி நைனா!" என்று கத்திக்கொண்டே பஸ்ஸில் ஏறினாள். "சரிம்மா, பாத்துப் போ" என்றார் அவர்.

பஸ் ஹைவேயில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

"ஆணி நின்னுச்சாம்மா?"

"நின்னுச்சு" என்றேன்.

"அந்த பஸ்ஸுல அதுக்கு ஒக்கார சீட்டு கெடைக்குதா? இல்ல, கம்பெனி வரிக்கும் நின்னுக்கினேதான் போவுதா?"

அவரையே பார்த்தேன்.

"இன்னாம்மா அப்படிப் பாக்கறீங்க? எங்க ஊர்ல பாதி ஊடு கம்பெனிக்குத்தான் போவுது. அந்தக் கோட்டு எனக்குத் தெரியாதா? தெரிஞ்ச மாதிரி காட்டிக்கினேன்னு வெச்சிக்கோங்க, இட்டுக்கினு போவணும். இட்டுக்கினு போனா கல்யாணம் பண்ணணும். மாப்ள ஊட்டுக்காரங்க காத்துக்கினு கீறாங்க. பொண்ணு படிக்கிது, ஹாஸ்டல்ல ஆணி அடிச்சிட்டு வந்தேன்னு சொல்லிக்கினு இருக்கற வரிக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது." சுத்தியலை மொபெட் பைக்குள் போட்டார். "அடுத்த வர்சம் திருப்பி கெமிஸ்ட்ரில சேத்துப்பாங்கல்ல? நீங்க இங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியுமே…"

அடுத்த வருடம் கெமிஸ்ட்ரியே இருக்காது போலிருக்கிறது என்று பிரின்சிபால் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. "கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கும்பிட்டுவிட்டு மொபெட்டைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்து மலருக்கான வரலாற்றை எழுதி அனுப்பினேன். இரண்டு பக்கம் வரவில்லை. இரண்டு வரிதான்: 'அப்பாக்கள் இன்னமும் ஆணியோடு வருகிறார்கள். சுவர்தான் இல்லை.'

பாசிட்டிவாக இல்லையாம்… திருப்பி அனுப்பிவிட்டார்கள்.