சிங்க்கில் போன கஞ்சி

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த மறுநாளே என் மனைவி சத்துமாவுக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்துவிட்டாள். கேழ்வரகு, கம்பு, கொள்ளு, அத்தனையையும் அமுக்கிவிடும் அளவுக்கு வெந்தயம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு என்றுமே வந்ததில்லை.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அவள் மொட்டை மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போவாள். செருப்புச் சத்தம் முதல் மாடியைத் தாண்டியதும் கஞ்சியைச் சிங்க்கில் கவிழ்த்துவிடுவேன். அவள் இறங்கி வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

"பாத்தீங்களா, முகமே தெளிஞ்சிருக்கு" என்பாள்.

ஆமாம் என்பேன். மாதக்கணக்கில் இது நடந்தது. என் முகத்தைப் பார்த்து உற்சாகமாகி, எங்களுக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் மூன்று வீடுகளுக்கும் டப்பா டப்பாவாக மாவு அரைத்துக் கொடுத்தாள். அந்த வீட்டுக்காரர்களும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிப்பதாக அவர்கள் மனைவிமார் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

பீர்க்கன்கரணையில் எங்களுடையது தரைத்தள வீடு. ஒரு சனிக்கிழமை, மேலே யாரோ பாத்திரம் கழுவ, எங்கள் சிங்க்கிலிருந்து தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. அதில் மீன் செதில் மிதந்தது. நாங்கள் மீன் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"மேல் வீட்டுக்காரங்க வேலைதான். குரூப்ல போடுங்க" என்றாள்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் என் கையாலேயே எழுதினேன். "சிலர் பொறுப்பில்லாமல் சிங்க்கில் சோறும் மாவும் கொட்டுவதால் கீழே இருப்பவர்கள் அவதிப்படுகிறோம்." மாவு என்று எழுதும்போது விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அனுப்பிவிட்டேன். மூன்று வீட்டு ஆண்களும் உடனே கட்டைவிரல் காட்டினார்கள்.

பிளம்பர் கிடைப்பதுதான் பாடு. முதலில் கூப்பிட்டவர் இரண்டு நாளாகப் பெருங்களத்தூர் சிக்னலிலேயே இருந்தார். எப்போது போன் செய்தாலும், "வந்துகினே கீறேன் சார், சிக்னல்ல கீறேன்." மூன்றாம் நாள் அவரைக் கைவிட்டு, என் மனைவியின் பள்ளிக்கூடத்துக்குக் குழாய் வேலை பார்த்த ஒரு பாயைப் பம்மலிலிருந்து வரவழைத்தோம். ஐம்பது வயதிருக்கும், நரைத்த தாடி. வந்ததும் சிங்க்கைப் பார்க்கவே இல்லை. நேரே கொல்லைப்புறம் போய், நான்கு வீட்டுச் சமையலறைத் தண்ணீரும் இறங்கும் குழாயின் மூடியைத் திறந்து கம்பியை விட்டார். கம்பி பாதியில் நின்றது. முட்டி மோதி ஒரு கட்டியை வெளியே இழுத்தார்.

"சோத்து அடைப்பு இல்ல சார். சிமெண்டு மாதிரி கீது." உடைத்து முகர்ந்து பார்த்தார். "வெந்தயம் வாசன வருது. கொள்ளும் கீது."

எனக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி முன்னே வந்தாள். குனிந்தாள். அவளும் முகர்ந்தாள்.

"ஏங்க."

பரீட்சையில் காப்பி அடித்தவனைப் பிடித்த குரல்.

"என்னைக்காவது ஒரு நாள்…" என்று இழுத்தேன்.

"என்னைக்காவது?"

"தினமும்."

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இருங்க டீச்சர். சார் ஒருத்தர் ஊத்துனா இம்மாம் சேராது." ஏணியைச் சாத்தி ஏறி, முதல் மாடியிலிருந்து வரும் கிளைக்குழாயைக் கழற்றினார். உள்ளே அதே பழுப்புக் கட்டி. "இது மேல் வூட்டு லைனு. சார் ஊத்துன கஞ்சி மேல ஏறாது இல்ல?"

முதல் மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தலை சட்டென்று உள்ளே போனது. இரண்டாம் மாடிக் குழாயிலும் அதே கதை. மூன்றாம் மாடிக் குழாயைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. பாய் ஏணியில் இருக்கும்போதே அந்த வீட்டு ஜன்னல் தானாகச் சாத்திக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு முட்டியது. தனியாக மாட்டியவனுக்குத் துணை கிடைத்த சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் மனைவி பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தருக்குக் கூடவா பிடிக்கல?" என்றாள். என் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. ஒவ்வொரு முறையும் அத்தனை தானியத்தையும் அவள் வறுத்து, ஆறவைத்து, மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பாய் இறங்கி வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினார். "டீச்சர், எனக்கு ஒரு டம்ளர் குடுங்களேன். இன்னாதான் கீதுன்னு பாக்கறேன்."

அவள் எழுந்து போய்க் காய்ச்சிக்கொண்டு வந்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். இருவரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"தப்பா நெனைக்காதீங்க. வெந்தயம் ஓவரு."

"மத்ததெல்லாம்?"

"மத்தது ஜோரா கீது" என்று மிச்சத்தையும் குடித்து டம்ளரை வைத்தார்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?" சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது.

அடுத்த அரைப்பில் வெந்தயம் கால்வாசிதான். அதோடு விட்டாளா? இப்போது காலையில் செடிக்குத் தண்ணீர் விடப் போகும்போது கூடவே என்னையும் அழைத்துப் போகிறாள். மூன்று டம்ளர் வைத்த தட்டு என் கையில். ஒவ்வொரு வாசலிலும் மணி அடித்து, அந்த வீட்டுக்காரர் குடித்து முடிக்கும்வரை நிற்கிறோம். என்னுடையதைக் கிளம்பும் முன்பே அவள் எதிரில் முடித்தாக வேண்டும். உண்மையைச் சொன்னால், இப்போது மோசமில்லை.

நேற்று முதல் மாடிக்காரர் படிக்கட்டில் என்னை ஓரமாக இழுத்தார்.

"சார், வாஷிங் மெஷின் தண்ணி போற பைப் தனி லைனா?"

பாயிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.